மலை தெரிகிற படங்கள்

மலையில் எடுத்த படத்தில் மலை இருக்கிறதா என்று நீலகிரிக்காரரோ கொடைக்கானல்காரரோ பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். அவர் கதையைக்கூடக் கவனித்திருக்க மாட்டார். அவர் பார்ப்பது பனியை.

அசல் மூடுபனி பள்ளத்தாக்கிலிருந்து சரிவோடு ஒட்டி ஏறி வரும். வரும்போதே வெளிச்சத்தை மாற்றிவிடும். வெயில் ஒரு பக்கமிருந்து விழுவது நின்று, நாலா பக்கமும் ஒரே சீரான வெளிச்சமாகிவிடும். தரையில் நிழல் இருக்காது. பக்கத்து மரம் கறுப்பாக, அடுத்தது சாம்பலாக, அதற்கும் அடுத்தது இல்லாமலே போகும். கம்பளிச் சால்வையின் நூல்முனையிலும் புருவத்திலும் பொடிப்பொடியாக நீர் கோத்து நிற்கும். ஸ்மோக் மெஷின் புகைக்கு இதெல்லாம் கிடையாது. அது சூடாக வெளியேறி மேலே எழும், காற்றடித்தால் திட்டுத்திட்டாகக் கிழியும், ஆளின் காலடியில் நிழல் கறுப்பாகவே விழுந்து கிடக்கும். டிரை ஐஸ் போட்டால் புகை கனத்துத் தரையோடு படரும். கனவுப் பாட்டுக்கு அது சரி, தேயிலைத் தோட்டத்துக்குச் சரிவராது. பழைய படங்களில் கரி மூட்டிச் சாம்பிராணி போட்டுக் கிளப்பிய புகையைத் திரையில் பார்த்தாலே தெரியும்: மேலே போய் ஒரு மட்டத்தில் தங்கிவிடும்.

பனியைப் படம்பிடிப்பது லேசான வேலை இல்லை. காட்சியிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர், வெள்ளையாக இருக்கும் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். அது சொன்னபடியே விட்டால் காலைப் பனி அழுக்குத் துணி நிறத்தில் வரும். ஒரு ஸ்டாப் அளவு, அதாவது வெளிச்சம் இரண்டு மடங்கு விழும்படி, கூடுதலாகத் திறந்தால்தான் வெள்ளை வெள்ளையாக நிற்கும். அதைவிடப் பெரிய தலைவலி தொடர்ச்சி. ஊட்டியிலோ கோத்தகிரியிலோ ஐந்து நிமிடத்தில் பனி வந்து மூடும், அடுத்த ஐந்து நிமிடத்தில் கலைந்து போகும். அவள் பேசும் ஷாட்டில் பனி, அவன் பதில் சொல்லும் ஷாட்டில் பளிச்சென்று வெயில். அவசரமாக எடுத்த படங்களில் இந்தத் தையல் விட்ட இடங்கள் வரிசையாகத் தெரியும். காத்திருந்தவர்களின் படத்தில் தெரியாது.

காத்திருந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பாலு மகேந்திரா. ‘மூன்றாம் பிறை’ வந்தது 1982-ல். அதன் கடைசிக் காட்சி எடுக்கப்பட்டது கேத்தி ரயில் நிலையத்தில். அருவங்காட்டுக்கும் லவ்டேலுக்கும் நடுவில் இருக்கும் சின்ன ஸ்டேஷன் அது. மழையை வைத்துத் திட்டமிட்ட காட்சி அல்ல. படப்பிடிப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது, அதையே வைத்து எடுத்தார்கள். இன்று அந்தக் காட்சியை மழையில்லாமல் நினைத்துப் பார்க்கவே முடியாது.

அந்தக் காட்சியை ஒரு தடவை கமலையும் ஸ்ரீதேவியையும் விட்டுவிட்டுத் தரையை மட்டும் பார்க்க வேண்டும். மழை கோடுகோடாகப் படத்தில் விழ வேண்டுமென்றால் பின்னாலிருந்து வெளிச்சம் வேண்டும், இல்லாவிட்டால் பின்புறம் இருட்டாக இருக்க வேண்டும். மேகம் மூடிய மலைப் பகலில் இரண்டும் கிடைக்காது. அதனால் இங்கே மழையைச் சொல்வது வானம் இல்லை. பிளாட்பாரம், சேறு, நனைந்த சட்டை. கால் ஊன்றிய இடத்தில் வழுக்குகிறது. உடம்பில் ஒட்டிய சேறு கரைந்து ஒழுகுகிறது. மலையில் மழை அப்படித்தான் தெரியும்: மேலே பார்த்தால் ஒன்றும் இருக்காது, ஆனால் நிற்கிறவர் தொப்பலாக நனைந்திருப்பார். குரங்குச் சேட்டை செய்து காட்டும் அந்த மனிதனின் தவிப்பு நம்மைப் போட்டு வதைப்பதற்கு நடிப்பு பாதி காரணம் என்றால், அவன் நிற்கிற ஈரம் மறுபாதி. அந்த ஆண்டின் தேசிய விருதில் சிறந்த நடிகராகக் கமலும் சிறந்த ஒளிப்பதிவாளராகப் பாலு மகேந்திராவும் தேர்வானார்கள். இரண்டும் ஒரே காட்சிக்குக் கொடுத்தது போலவே படுகிறது.

அதற்கு முந்தின ஆண்டு வந்த ‘பன்னீர் புஷ்பங்கள்’ வேறு காரணத்துக்காகப் பிடிக்கும். ஊட்டிப் போர்டிங் பள்ளிக்கூடத்தைச் சுற்றுலாப் பயணியின் கண்ணால் பார்க்காமல், அங்கே மாட்டிக்கொண்ட பிள்ளையின் கண்ணால் பார்த்த படம். ஸ்வெட்டர், மணி, மாலையானால் வரும் வெறுமை எல்லாம் அதில் இருக்கின்றன. இதை இயக்கிய இருவரில் ஒருவரான சந்தானபாரதிதான் பத்து ஆண்டு கழித்துக் கொடைக்கானலில் ‘குணா’வை எடுத்தார். இரண்டு மலைக்கும் ஆளுக்கொரு நல்ல படம் கொடுத்த இயக்குநர் என்று அவரைச் சொல்பவர்கள் குறைவு. சொல்ல வேண்டும்.

1989-ல் தெலுங்கில் வந்து, தமிழில் ‘இதயத்தைத் திருடாதே’ ஆன மணிரத்னம் படத்துக்கு ஒளிப்பதிவு பி.சி.ஸ்ரீராம். ஊட்டிப் பனியை அவ்வளவு அழகாகக் காட்டிய படம் அரிது. ஆனால் அந்த ஊட்டியில் ஊர் இல்லை. மார்க்கெட் இல்லை, கேரட் மூட்டை இல்லை, மலைச்சரிவில் வீட்டுக்கு மேல் வீடாக ஒட்டியிருக்கும் குடியிருப்பு இல்லை. காதலர்கள் போய் வாழ ஒரு மேகம், அவ்வளவுதான். அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலைக்காரருக்கு அது வேறு யாருடைய ஊரோ.

பெரிய ஏமாற்றம் தேயிலை. எத்தனையோ படங்களில் கதாநாயகி தேயிலை பறிக்கிறாள். ஒருத்தியும் பறித்ததாக நம்ப முடியவில்லை. ஒரு கையால் ஓர் இலையைக் கிள்ளி, தலைக்கு மேல் வீசிக் கூடையில் போடுகிறாள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்த்து, இரண்டு கையாலும், கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் பறிப்பார்கள். கைநிறையச் சேர்ந்த பிறகுதான் பின்னால் போகும். செடியின் மேல்மட்டம் மேசை போலச் சமமாக இருக்க வேண்டும், அதற்காகவே பார்த்துப் பார்த்துப் பறிப்பது. காலையில் செடி முழுக்க ஈரம், அதனால் இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளோ படுதாவோ கட்டாமல் யாரும் வரிசைக்குள் இறங்குவதில்லை. கட்டாவிட்டால் கொஞ்ச நேரத்திலேயே புடவை நனைந்து காலில் ஒட்டும், நாள் முழுக்கக் குளிரும். இப்போது பல தோட்டங்களில் பறிப்பதும் கத்தரியால்தான். எடை போடும் இடத்தில் நடக்கும் வாக்குவாதம், வரிசை தாண்டினால் கேட்கும் அதட்டல், லைன் வீட்டுக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) திரும்பும்போது தலையில் விறகு: இதில் ஏதாவது ஒன்றைக் காட்டியிருந்தாலே அந்தக் காட்சி நின்றிருக்கும்.

இந்த விஷயத்தில் பாலாவின் ‘பரதேசி’யை மதிக்க வேண்டும். 2013-ல் வந்தது. கதை வெள்ளைக்காரர் காலத்து எஸ்டேட் பற்றியது, நீலகிரியைப் பற்றியதல்ல. ஆனால் வேலை தெரிந்தவர்கள் எடுத்த படம் என்று ஒவ்வொரு சட்டத்திலும் (ஃப்ரேமிலும்) தெரிகிறது. அதன் ஆடைகளுக்காகப் பூர்ணிமா ராமசாமிக்குத் தேசிய விருது கிடைத்தது, நியாயமான விருது. நைந்த, மண் ஏறிய, குளிருக்குப் போதாத அந்தத் துணிதான் படத்தின் பாதிக் கதையைச் சொல்கிறது. செழியனின் ஒளிப்பதிவில் தேயிலையின் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சியாக இல்லை. அதைத் தெரிந்தே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

மரங்களும் ஏமாற்றும். ‘வெளிநாடு’ வேண்டுமென்றால் ஊட்டி–கூடலூர் சாலைப் பைன் காடும் ஒன்பதாவது மைல் புல்மேடும் என்பது பல வருடப் பழக்கம். பைன், யூகலிப்டஸ், சீகை (வாட்டில்) எல்லாமே வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. மலையின் சொந்தக் காடு சோலை. குட்டையான, கிளை பின்னிய, பாசி தொங்கும் மரங்கள், நடுவே நீரோடை, சுற்றிலும் புல்வெளி. சோலைக்குள் வெளிச்சம் குறைவு, கேமரா தூக்கிப் போவது கஷ்டம், வனத்துறை அனுமதியும் எளிதில்லை. அதனால் நூறு படத்தில் மலையைப் பார்த்தவர்கூடச் சோலையைப் பார்த்திருக்க மாட்டார். ‘ரோஜா’வில் காஷ்மீருக்குப் பதில் குன்னூர், ஊட்டி, மணாலியில் எடுத்ததைக் குறையாகச் சொல்ல மனம் வரவில்லை. அந்தச் சமயத்தில் காஷ்மீருக்குப் போக முடியாத நிலை. ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவன் சட்டத்தை இறுக்கமாக வைத்து, எது எங்கே என்று யோசிக்கவிடாமல் கொண்டுபோனார். உள்ளூர்க்காரர் கண்ணுக்கு யூகலிப்டஸ் பட்டால் காஷ்மீர் ஒரு கணம் கலையும், அவ்வளவே.

அதே சந்தோஷ் சிவன் 1998-ல் வந்த ‘உயிரே’ படத்துக்காக நீலகிரி ரயிலின் கூரைமேல் ஒரு பாட்டையே எடுத்தார். ஃபரா கான் நடனம். பின்னால் திரை போட்டு ஏமாற்றிய வேலை இல்லை, ஓடும் ரயில்தான். அது எப்படி முடிந்தது என்பதற்குப் பதில் அந்த ரயிலிலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 46 கிலோமீட்டர். 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. கல்லாறு தாண்டியதும் ஏற்றம் 12-க்கு 1 வரை போகும், பல்சக்கரம் பல்தண்டவாளத்தைக் கடித்துக்கொண்டே ஏறும். மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர்தான் அங்கே உச்ச வேகம். ஓட்டப்பந்தயக்காரர் முந்திவிடும் வேகம். பல்தண்டவாளம் இல்லாத குன்னூர்–ஊட்டிப் பகுதியிலும் வேகம் முப்பதைத் தாண்டாது. இவ்வளவு மெதுவாகப் போகும், இவ்வளவு வளையும் ரயில் ஒளிப்பதிவாளருக்கு வரம்: கடைசிப் பெட்டியில் நின்றால் முதல் பெட்டி சட்டத்துக்குள் வந்துவிடும். 208 வளைவுகள் இருப்பதால் கேமராவை நகர்த்தாமலே பின்னணி மாறிக்கொண்டிருக்கும். டேவிட் லீன் 1984-ல் வந்த ‘எ பாசேஜ் டு இந்தியா’வின் ரயில் காட்சிகளை இங்கே எடுத்ததும் இந்த அமைப்பை நம்பித்தான் இருக்க வேண்டும். ரயில் பாலத்தில் போகும்போது அஸீஸ் என்ற கதாபாத்திரம் பெட்டிக்கு வெளியே தொற்றிக்கொண்டு வரும் இடத்தில் கீழே தெரியும் பள்ளம் உண்மையான பள்ளம்.

கொடைக்கானலுக்கு வந்தால் பேச்சு ‘குணா’வில்தான் தொடங்கும். 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யோடு வந்தது. வெளியான சமயத்தில் கிடைக்காத மரியாதை பின்னால் கிடைத்தது. ‘டெவில்ஸ் கிச்சன்’ என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்த பாறை இடுக்குக்கு இந்தப் படத்தால் குணா குகை என்றே பெயர் நிலைத்துவிட்டது. வேணுவின் ஒளிப்பதிவு அந்த இடத்தை ஒரு செட்டாகப் பயன்படுத்தவில்லை. பாறைமேல் படர்ந்த சோலை மரத்து வேர்கள், மேலிருந்து ஒரு கீற்றாக மட்டும் இறங்கும் வெளிச்சம், ஈரத்தில் மின்னும் பாசி எல்லாம் அப்படியே இருக்கின்றன. அங்கே பாறைக்கு நடுவே இருக்கும் வெடிப்புகள் இலைச்சருகு மூடிக் கண்ணுக்குத் தெரியாது, உள்ளே ஆழம் அதிகம். உயிர்கள் போனதால்தான் வேலி போட்டு, தள்ளி நின்று பார்க்க மட்டும் விடுகிறார்கள்.

அந்த ஆழத்தைப் பற்றிய படம் 2024-ல் மலையாளத்தில் வந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’. அந்த வெடிப்புக்குள் விழுந்த நண்பனை மீட்ட கதை, 2006-ல் நடந்த உண்மைச் சம்பவம். குகையின் உட்புறத்தைப் பெரும்பாவூரில் செட் போட்டு எடுத்தார்கள். அஜயன் சாலிசேரியின் கலை இயக்கத்தில் செட்டுக்கும் அசலுக்கும் தையல் எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மலையைச் செட்டில் எடுத்தாலே போலி என்று சொல்பவர்கள் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஈரம் சரியாக இருக்கிறது. கயிற்றில் உரசும் பாறை சரியாக இருக்கிறது. மழைநீர் வெடிப்புக்குள் சேற்றோடு இறங்கும் காட்சியை மலைமழை பார்த்தவர் ஒப்புக்கொள்வார். தமிழ்நாட்டில் மலையாளத்திலேயே, மொழிமாற்றம் இல்லாமல், அத்தனை கூட்டத்தோடு ஓடியதும், ‘குணா’ பாட்டு வந்த இடத்தில் அரங்கமே கை தட்டியதும் தனி சந்தோஷம். அதைப் பார்த்துவிட்டு வேலி தாண்ட நினைப்பவர்களுக்கு ஒன்று மட்டும்: சருகுக்குக் கீழே பாறை இருக்கும் என்று எண்ணிக் காலை வைக்கக் கூடாது.

கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளப் படம் பக்கத்து வீட்டுப் படம். பிரியதர்ஷனின் ‘கிலுக்கம்’ (1991) அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். ஊட்டியில் கைடும் போட்டோகிராபருமாகப் பிழைக்கும் இருவரைப் பற்றிய கதை என்பதால், சுற்றுலாவை நம்பிய ஊரின் சீசன், சீசன் இல்லாத மாதங்கள், வருகிற ஆளை எடைபோடும் கண் எல்லாம் சிரிப்புக்கு நடுவே வந்துவிடுகின்றன. முதுமலை தெப்பக்காடு யானை முகாமில் எடுத்த ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணக் குறும்படம் 2023-ல் ஆஸ்கர் வாங்கியது. இயக்கிய கார்த்திகி கொன்சால்வெஸ் ஊட்டியில் வளர்ந்தவர். பொம்மனும் பெள்ளியும் குட்டியானைக்குச் சோறு உருட்டிக் கொடுக்கும் நிதானத்தை அவசரப்படுத்தாமல் விட்டதுதான் அதன் பலம்.

இன்னும் வராத படம் ஒன்று உண்டு. 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, இலங்கை மலையகத்திலிருந்து தமிழர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் லைன் வீடுகளில் இருப்பவர்களில் பெரும்பங்கு அவர்கள்தான். ஒரு மலையில் பறித்த கை, கடல் தாண்டி வந்து இன்னொரு மலையில் அதே இலையைப் பறித்தது. இவ்வளவு பெரிய கதை காலடியில் கிடக்க, தமிழ்ப்பட யூனிட்கள் அரை நூற்றாண்டாக அந்தத் தோட்டங்களுக்குள் பாட்டு எடுத்துக்கொண்டிருந்தது பொறுக்க முடியாத குறை.

படம் எடுப்பதோடு இந்த மலைக்கு வேறொரு உறவும் உண்டு. பிலிமே இங்கே தயாரானது. மத்திய அரசு 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியின் ஊட்டித் தொழிற்சாலை 1967-ல் உற்பத்திக்கு வந்தது. பிலிமில் பூசும் வெள்ளி உப்புக் கலவைக்குத் தூசியும் வெப்பமும் எதிரி. சுத்தமான காற்று, குளிர், நல்ல தண்ணீர் மூன்றும் இங்கே இருந்தன. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் போட்டோ பேப்பரும் வந்தன. கலர் பெருகி, பிறகு டிஜிட்டலும் வந்தபோது அது தாக்குப்பிடிக்கவில்லை. இந்து நகர் என்ற பெயர் ஊரில் நிற்கிறது.

பிலிம் காலத்துக் கணக்கு ஒன்றைத் தெரிந்துகொண்டால் பழைய மலைத் தியேட்டர்களின் சிரமம் புரியும். 35 எம்.எம். பிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டம். நொடிக்கு 24 சட்டம் என்றால் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 13,500 அடி. ஆயிரம் அடி ரீலாகப் போட்டால் பதினான்கு பெட்டி. அந்தப் பெட்டிகள் பஸ் கூரையில் கொண்டை ஊசி வளைவு சுற்றி மேலே வந்தாக வேண்டும். சாலையில் மரம் விழுந்தால் ஷோ தள்ளிப்போகும். சமவெளியில் பல வாரம் ஓடித் தேய்ந்த பிரிண்ட் மேலே வரும்போது கீறல் மழை போட்டபடி வரும். இதையெல்லாம் தாண்டி ஊட்டி அசெம்பிளி ரூம்ஸ் மாதிரி வெள்ளைக்காரர் காலத்து அரங்கு, ஆங்கிலப் படங்களுக்கென்றே பேர் வாங்கியது.

இப்போது பெட்டி வருவதில்லை. டிஜிட்டல் கோப்பு வருகிறது, பூட்டுத் திறக்கும் சாவி தனியாக வருகிறது. கீறல் போய்விட்டது, இருட்டு வந்துவிட்டது. திரையின் நடுவில் வெளிச்சம் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது தரம். புரொஜெக்டரின் செனான் விளக்கு நாளாக ஆக மங்கும். மாற்றினால் செலவு என்று சில அரங்குகள் இழுத்துக்கொண்டே போகும். அடிதடிப் படத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. பனிப் படத்தில் முதலில் செத்துப்போவது பனிதான். வெள்ளைக்கும் சாம்பலுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய படிகள் ஒன்றாகிக் கலங்கிய தண்ணீர் போலாகிவிடும். மங்கலான அரங்கில் ஒரு மலைப்படத்தைப் பார்த்துவிட்டு ஒளிப்பதிவு சரியில்லை என்று எழுதுவது பெரிய அநியாயம்.

சோதிக்க எளிய வழி உண்டு. படத்துக்கு முன் வரும் சான்றிதழ் அட்டையின் வெள்ளையைப் பாருங்கள். நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் பழுப்பாகவும் இருந்தால் விளக்கின் சீரமைப்போ திரையோ சரியில்லை. 3டி படத்துக்காகப் போட்ட வெள்ளி பூசிய திரையில் பக்கவாட்டு இருக்கையிலிருந்து பார்த்தால் எப்போதுமே ஒரு பாதி மங்கும். அங்கே நடு வரிசைதான் வாங்க வேண்டும். முந்தின ஷோ 3டி என்றால், புரொஜெக்டர் முன்னால் வைத்த வடிகட்டியை எடுக்க மறந்து சாதாரணப் படத்தை ஓட்டுவதும் நடக்கும், வெளிச்சத்தில் பாதிக்கு மேல் போய்விடும். இடைவேளை வரை பொறுக்க வேண்டியதில்லை. வாசலில் இருப்பவரிடம், “அண்ணா, படம் ரொம்ப இருட்டா இருக்கு, த்ரீ-டி ஃபில்டர் எடுத்தாச்சான்னு ஆபரேட்டர்ட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்” என்று சொன்னால் போதும். பெரும்பாலும் உடனே பார்ப்பார்கள். உட்கார, திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரம், நடுவாக. ஒலியையும் ஏறக்குறைய அந்த இடத்தை வைத்தே சரி செய்கிறார்கள்.

மேலே அரங்குகள் குறைவு என்பதால் நல்ல திரைக்குக் கீழே இறங்கத்தான் வேண்டும். ஊட்டிக்காரருக்கு மேட்டுப்பாளையம் குன்னூர் வழியாக ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், கோவை அதற்கும் அப்பால். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் முப்பத்து மூன்று. கொடைக்கானலிலிருந்து பெருமாள்மலை வந்து ஒரு பக்கம் பழனி, இன்னொரு பக்கம் வத்தலக்குண்டு. திண்டுக்கல், மதுரை அதைத் தாண்டி. ஐமேக்ஸ் திரை வேண்டுமென்றால் கோவைக்குத்தான் போக வேண்டும்.

இறங்குகிறவர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று காது. இரண்டாயிரம் மீட்டர் சட்டென்று இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடி, செவிப்பறை உள்ளே அமுங்கும். பெரும்பாலும் வலிக்காது. பஞ்சு வைத்தாற்போல் இருக்கும். அப்படியே அரங்குக்குள் போய் உட்கார்ந்தால் மெல்லிய வசனமும் பின்னணி இசையின் உச்சஸ்தாயியும் கேட்காது, படத்தின் ஒலி மோசம் என்று தோன்றும். வழியிலேயே அடிக்கடி எச்சில் விழுங்க வேண்டும், கொட்டாவி விட வேண்டும், வாயில் மிட்டாய் போட்டுக்கொள்ளலாம். குழந்தை தூங்கினால் கல்லாறு வருவதற்குள் எழுப்பித் தண்ணீர் கொடுங்கள். சளி பிடித்திருந்தால் மூக்கைப் பொத்தி ஊதக் கூடாது. படம் தொடங்க அரை மணி முன்னால் கீழே சேர்ந்துவிட்டால் பெரும்பாலும் காது தானே திறந்துவிடும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வளைவில் இறங்குவதும் வேண்டாம். கீழே பத்துப் பன்னிரண்டு டிகிரி வெப்பம் கூடுதல், ஆனால் ஏ.சி. அரங்குக்குள் மறுபடியும் குளிர். ஸ்வெட்டரை வண்டியில் விட்டுவிட்டு வந்து அவதிப்படுபவர்கள் பெரும்பாலும் மலைக்காரர்கள்தான்.

நேரம் பிடிப்பதில் காலைக் காட்சிதான் சரி. பதினோரு மணிக்குத் தொடங்கினால் இரண்டு மணிக்குள் முடியும், சாப்பிட்டு இருட்டுவதற்குள் மேலே சேரலாம். மாலைக் காட்சி என்றால் ஏற்றம் முழுக்க இரவில். கல்லாறு பக்கம் யானை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் சாலைகளில் காட்டுமாடு. காட்டுமாட்டின் உடம்பு தார் ரோட்டு நிறம், கண் மட்டும் மின்னும். பனியில் அதுவும் மின்னாது. ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும், லோ பீம்தான். கோடை சீசனில் ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி என்று மாற்றிவிடுவார்கள். பொதுவாக ஏறக் குன்னூர், இறங்கக் கோத்தகிரி. கூடலூர்க்காரர் மைசூருக்குப் போய்ப் படம் பார்த்தால் இரவு 9 மணிக்கு முன் பந்திப்பூரைத் தாண்டியாக வேண்டும். அதன்பின் காலை 6 வரை வண்டி விடமாட்டார்கள். மாலைக் காட்சி அவர்களுக்கு அங்கே இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். நாடுகாணி இறங்கி நிலம்பூர் போவது அவர்களுக்கு வசதி.

இறங்க முடியாத மழைமாதங்களுக்கு வீட்டுத் திரைதான். டிவி வாங்கிய நாளில் கடைக்காரர் வைத்த ‘விவிட்’ அமைப்பை மாற்றி ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ முறையில் வையுங்கள். அசைவைச் செயற்கையாக வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணைக்க வேண்டும், அது பிலிமில் மணல் போலத் தெரியும் பொடியையும் (கிரெய்ன்) தூறலையும் குப்பை என்று நினைத்துத் துடைத்துவிடும். பனிக்காட்சியில் வெளிச்சம் வளையம் வளையமாகப் படிக்கட்டுப் போலத் தெரிந்தால் டிவி மேல் தப்பில்லை, நெட் வேகம் குறைந்து படத்தின் தரத்தைச் சேவை தானாகவே இறக்கியிருக்கும். முன்கூட்டியே இறக்கி வைத்துப் பார்த்தால் அது போகும். பழைய படங்களின் இணையப் பிரதிகளில் அகலத்திரையின் இரு ஓரத்தையும், இல்லையென்றால் சதுரச் சட்டத்தின் மேலையும் கீழையும் வெட்டி, டிவி அளவுக்கு நிரப்பியிருப்பார்கள். தலைக்கு மேல் இடமே இல்லாமல் முகங்கள் இடித்துக்கொண்டு நின்றால் அது வெட்டுப்பட்ட பிரதி. மலைமுகடு அந்த வெட்டில்தான் போயிருக்கும், வேறு பிரதி தேடுங்கள். வீட்டில் புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் ஜூன் முதல் டிசம்பர் வரை வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும், மற்ற நாளில் மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் மணிகள் நிறம் மாறினால் நன்றாகச் சூடாக்கி ஈரம் போக்கி மறுபடி போடலாம். லென்ஸில் ஒரு தடவை பூஞ்சை வேர் பிடித்துவிட்டால் துடைத்துப் போவதில்லை. எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் பனி நிற்கும்.